சேற்றின் மேல் மிதக்கும் டாங்கி

வாசகர் கேள்வி: இரண்டு மாதம் உழைத்து 1/35 அளவில் டி-34 டாங்கி ஒன்றைச் செய்து முடித்திருக்கிறேன். 1944 மார்ச் மாதம், உக்ரைனில் பனி உருகிச் சேறான ஒரு மண்சாலையில் அது போய்க்கொண்டிருப்பதுபோல ஒரு டயோரமா, அதாவது சிறிய காட்சி மாதிரி, அமைக்க ஆசை. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் தெர்மாகோல் ஒட்டி, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, பழுப்பு வண்ணம் அடித்து, ஓரங்களில் பச்சைப் புல் ஒட்டினேன். இரண்டே வாரத்தில் பிளாஸ்டர் விரிசல் விட்டது. பலகையின் முனைகள் மேலே தூக்கிக்கொண்டன. அதைவிட வருத்தம், டாங்கியை எங்கே வைத்தாலும் மேசை விரிப்பின்மேல் வைத்த பொம்மை போலத்தான் தெரிகிறது. உடன் நடந்துவரும் இரண்டு வீரர்களும் அப்படியே. பள்ளங்களில் தண்ணீர் தேங்கியிருப்பதைக் காட்ட ரெசின் ஊற்றலாமா? இந்தத் தரையைச் சரிசெய்ய முடியுமா, அல்லது முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். டாங்கியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வார்ப்பு எஃகின் சொரசொரப்பைக் கோபுரத்தில் கொண்டுவந்திருக்கும் விதம் நன்றாகவே இருக்கிறது. குறை முழுவதும் அதற்குக் கீழே இருக்கிறது, அதுவும் உங்கள் கைத்திறனைவிட வேலையின் வரிசையில்தான் இருக்கிறது. தரையை முழுதாகச் செய்து முடித்து, காயவைத்து, வண்ணமும் அடித்த பிறகு டாங்கியைத் தூக்கி அதன்மேல் வைத்திருக்கிறீர்கள். சுமார் 30 டன் எடையுள்ள ஒரு வண்டி ஏறியதற்கு அந்தத் தரையில் எந்த அடையாளமும் இல்லை. உங்கள் கையிலுள்ள மாடல் இருநூறு கிராம்கூட இராது. மிச்ச எடை முழுவதையும் பார்வையாளரின் கண் தரையிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தரை அதைத் தர மறுத்தால் எவ்வளவு நுணுக்கமாகச் செய்த டாங்கியும் பொம்மையாகிவிடும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: புதிதாகத் தொடங்குங்கள். வளைந்த பலகையை எதிர்ப்பக்கம் நனைத்து நிமிர்த்தலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு மாதம் நிமிர்ந்திருக்கும், மழைக்காலம் வந்தால் மறுபடி அதன் வழியில் போய்விடும்.

விரிசலுக்குப் பிளாஸ்டரைக் குற்றம் சொல்ல வேண்டாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது சுருங்குவதில்லை. சொல்லப்போனால் மிக நுண்ணிய அளவில் விரியவே செய்யும். உங்கள் பலகையின் ஒரு பக்கம் மட்டும் பசையின் ஈரத்தையும் பிளாஸ்டரின் ஈரத்தையும் குடித்தது. அந்தப் பக்கம் முதலில் உப்பி, பிறகு காயும்போது முன்பிருந்ததைவிடக் குறுகி, மேலே காய்ந்த பசையும் சேர்ந்து இழுக்க, முனைகள் தூக்கிக்கொண்டன. வளையத் தெரியாத பிளாஸ்டர் அதனால் வெடித்தது. ஆகவே அடுத்த பலகையை வாங்கியதும், வேறு எதையும் ஒட்டுவதற்கு முன், மேல் கீழ் இரு பக்கங்களுக்கும் நான்கு விளிம்புகளுக்கும் வார்னிஷோ எனாமல் பெயிண்டோ இரண்டு பூச்சு கொடுத்துவிடுங்கள். விளிம்புகளை மறப்பவர்கள் அதிகம், எம்.டி.எஃப். தண்ணீரை மிக விரைவாக உறிஞ்சுவது அங்கேதான்.

தெர்மாகோலுக்குப் பதிலாக எக்ஸ்.பி.எஸ். எனப்படும் நெருக்கமான நுரைப்பலகையைப் பயன்படுத்துங்கள். தெர்மாகோலைச் செதுக்கினால் மணிமணியாக உதிரும், அழுத்தினால் அமுங்கும். இது கத்திக்கு வெண்ணெய்போல வழிவிடும், ஆனால் கைபட்டுக் குழியாது. இரண்டுமே பாலிஸ்டைரீன்தான் என்பதால் ஓர் எச்சரிக்கை இரண்டுக்கும் பொருந்தும்: உடனடிப் பசையும், கேனில் வரும் ஸ்ப்ரே பெயிண்டும் நேரடியாகப் பட்டால் நுரை கரைந்து குழிவிழுந்துவிடும். வெள்ளைப் பசையால் ஒட்டி, மேலே எடை வைத்து, ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிறகு நான்கு பக்கமும் மெல்லிய பிளைவுட் பட்டையோ பிளாஸ்டிக் தகடோ வைத்து அடைத்துவிட்டால் ஓர வேலை முடிந்தது.

அடித்தளத்தின் அளவையும் குறையுங்கள். உங்கள் பலகை 40 சென்டிமீட்டர் நீளம் இருக்கிறது. டாங்கியின் உடல் சுமார் 17 சென்டிமீட்டர்தான். மிச்சமுள்ள வெற்றிடத்தை நிரப்பத்தான் அந்தப் பச்சைப் புல்லும், வேலியும், உடைந்த வண்டிச்சக்கரமும் வந்து சேர்ந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். 25க்கு 18 போதும். டாங்கி பலகையின் ஓரத்துக்கு இணையாக நிற்காமல் சற்றே கோணலாக நிற்கட்டும். சாலையும் அதே கோணத்தில் உள்ளே வந்து வெளியே போகட்டும்.

இனி நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்துக்கும் காலத்துக்கும் வருவோம். ரஷ்ய மொழியில் ரஸ்புதித்சா என்ற ஒரு சொல் உண்டு. சாலைகள் சேறாகிப் பயணம் நின்றுபோகும் பருவத்தைக் குறிக்கும் சொல் அது. இலையுதிர்கால மழையோடு ஒரு முறையும், வசந்தத்தில் பனி உருகும்போது ஒரு முறையும் வரும். வசந்தத்தில் அது ஏன் அத்தனை மோசமாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் தரை எப்படி இருக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும். மேலே உள்ள பனி உருகுகிறது, மேல்மண்ணும் இளகுகிறது. ஆனால் அதற்குக் கீழே மண் இன்னும் உறைந்தே கிடக்கிறது. உருகிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் மேல்மண்ணிலேயே நிற்பதால், அது குழம்பாகிவிடுகிறது. அதாவது மேலே ஒரு சாண் அல்லது இரண்டு சாண் உளைச்சேறு, அதன் கீழே கெட்டித்தரை. டாங்கி அந்தக் கெட்டித்தரையைத் தேடித்தான் இறங்கும்.

ஆகவே ஆழத்தை ஊகித்துச் செய்ய வேண்டியதில்லை; கணக்குப் போடலாம். டி-34இன் சங்கிலிப்பட்டை 500 மில்லிமீட்டர் அகலம். உங்கள் அளவில் அது 14 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 400 மில்லிமீட்டர். உங்கள் அளவில் 11 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பட்டை 20 சென்டிமீட்டர் புதைந்தால் உங்கள் தரையில் அது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் பள்ளம். 11 மில்லிமீட்டரைத் தாண்டினால் டாங்கியின் வயிறு தரையில் உரசத் தொடங்கும். அப்போது இரு தடங்களுக்கும் நடுவே உள்ள மேட்டின் தலை, தச்சர் உளி பிடித்துச் சீவியதுபோல வழவழப்பாக இருக்கும். அந்த ஒரு வழவழப்பான பட்டையைச் செய்துவிட்டீர்களானால், இந்த வண்டி எவ்வளவு ஆழத்தில் வந்தது என்பதை வேறு எதுவும் சொல்ல வேண்டாம். உங்கள் காட்சியில் வண்டி நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதால் 5 முதல் 7 மில்லிமீட்டர் ஆழம் போதும் என்பது என் கருத்து. பழைய புகைப்படங்களைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: அக்காலத்து மண்சாலைகளில் ஒரே ஒரு சோடித் தடம் இருப்பதில்லை. முன்னே போனவனின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளாமலிருக்க ஒவ்வோர் ஓட்டுநரும் சற்று ஒதுங்கிப் போவதால் சாலை அகன்றுகொண்டே போகும். பழைய தடங்கள் கரைந்தும், புதிய தடங்கள் அவற்றைக் குறுக்கே வெட்டியும் கிடக்கும். டாங்கிக்கு ஒரு சோடி, அதற்கு முன் போன லாரிக்கு ஒரு சோடி, பாதி அழிந்த குதிரைவண்டித் தடம் ஒன்று என மூன்று வயதுள்ள தடங்களை எக்ஸ்.பி.எஸ்.இல் முதலிலேயே செதுக்கிவிடுங்கள். சேறு பூசிய பிறகு தோண்டினால் அது தோண்டிய பள்ளமாகத்தான் தெரியும்.

இப்போது சேறு. நான் பிளாஸ்டரைத் தரைக்குப் பயன்படுத்துவதை விட்டுப் பல ஆண்டுகளாகிறது. எடை அதிகம், ஓரம் உடைந்தால் வெள்ளை தெரியும், எல்லாவற்றையும்விட அது இறுகும் வேகத்துக்கு நம் யோசனை ஓடாது. காகிதக்கூழ்த் தூள் மூன்று பங்கு, நுண்மணல் ஒரு பங்கு, வெள்ளைப் பசை ஒரு பங்கு, மண்நிற அக்ரிலிக் பெயிண்ட் தாராளமாக. இவற்றைத் தண்ணீர் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசைந்தால் இரண்டு மூன்று மணி நேரம் இளக்கமாகவே இருக்கும் ஒரு கலவை கிடைக்கும். இது என் கைக்கு ஒத்துவந்த அளவு. உங்கள் கைக்கு மாறலாம். வண்ணத்தைக் கலவையிலேயே சேர்ப்பதை மட்டும் தவிர்க்காதீர்கள், பிறகு எங்கே கீறல் விழுந்தாலும் உள்ளேயிருந்து மண்நிறமே தெரியும். மணலின் பருமனிலும் கவனம் தேவை. 1/35 அளவில் ஒரு மில்லிமீட்டர் மணல்துகள் என்பது மூன்றரை சென்டிமீட்டர் கல். நீங்கள் காட்டவிருக்கும் பகுதியின் மண், செர்னோசெம் என்று மண்ணியலார் அழைக்கும் கல்லில்லாத, மக்கு நிறைந்த கறுப்பு மண். சாதாரண ஆற்றுமணலைச் சலிக்காமல் போட்டால் அது உக்ரைன் வயலாக இருக்காது, ஜல்லி கொட்டிய முற்றமாகிவிடும். மெல்லிய துணியில் சலித்து, அதில் இறங்கியதை மட்டும் எடுங்கள். தோட்டத்து மண்ணையே பயன்படுத்த விரும்பினால், அடுப்பில் நன்றாக வறுத்துப் பூச்சியும் பூஞ்சையும் போன பிறகு சலித்துச் சேருங்கள். ஆனால் உண்மையான மண் உண்மையாகத் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். பசையில் நனைந்த மண் இயல்பைவிடக் கறுத்துவிடும். அதற்கும் வண்ணம் அடித்தே ஆக வேண்டும்.

கலவையைச் சுமார் 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள், தடங்களில் மட்டும் இன்னும் சற்றுத் தடிமனாக. பரப்பிய உடனே டாங்கியை வைத்துவிட வேண்டாம். அரை மணி நேரம் பொறுங்கள். விரலால் தொட்டால் ஒட்டாமல், அழுத்தினால் பதிய வேண்டும். அந்தப் பதம் வந்ததும் சங்கிலிப்பட்டைகளின் அடிப்பகுதியை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, டாங்கியைத் தடத்தில் இறக்கி, இரு கைகளாலும் சமமாக அழுத்துங்கள். அப்படியே ஓர் இழை முன்னும் ஓர் இழை பின்னும் அசைத்துத் தூக்குங்கள். உங்கள் டாங்கியின் பட்டைகள் தனித்தனி இணைப்புகளால் ஆனவை என்றும், சக்கரங்கள் ஏற்கெனவே ஒட்டப்பட்டுவிட்டன என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தரையைத்தான் சக்கரங்களுக்கு ஏற்ப வளைக்க வேண்டும். கீழ்ப்பட்டையின் ஒவ்வோர் இணைப்பும் மண்ணைத் தொடுகிறதா என்று பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கே ஒளி கசிகிறதோ அங்கே இன்னும் கொஞ்சம் கலவை வையுங்கள். உங்கள் மூன்றாவது படத்தில் இரண்டாவது, மூன்றாவது சக்கரங்களுக்குக் கீழே ஒரு கத்தி முனை போகும் அளவு இடைவெளி தெரிகிறது. 1/35இல் அது மூன்று நான்கு சென்டிமீட்டர். முப்பது டன் வண்டியின் கீழே அத்தனை இடம் இருக்கவே முடியாது. பார்க்கிறவர் அதைக் கணக்கிடுவதில்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்று அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த டாங்கிக்குச் சக்கரக் கைகளை ஒட்டாமல் வைத்துக்கொண்டு, தரை தயாரான பிறகு ஒட்டுங்கள்.

அழுத்தப்பட்ட மண் எங்காவது போக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. புதைந்த பட்டையின் இருபுறமும் சேறு பிதுங்கி ஒரு சிறு வரப்பாக எழும். வெளிப்புற வரப்பு நொறுங்கிச் சரியும், உட்புற வரப்பு நடுமேட்டோடு சேர்ந்துவிடும். டாங்கி சற்றே திரும்பியிருந்தால், திருப்பத்தின்போது பட்டைகள் பக்கவாட்டில் இழுபடுவதால், அந்த வரப்பு ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் துடைத்ததுபோலவும் இருக்கும். பட்டையின் வடிவம் தடத்தில் எவ்வளவு தெளிவாகப் பதிய வேண்டும் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். முத்திரை குத்தியதுபோல ஒவ்வோர் இணைப்பும் கூர்மையாகப் பதிவது ஈரமான கெட்டிக் களிமண்ணில்தான். குழம்பான சேற்றில் பட்டை கடந்துபோனதுமே சுவர்கள் உள்ளே சரிந்து, அடியில் நீர் ஊறி, வடிவம் பாதியாக மழுங்கிவிடும். ஆகவே டாங்கிக்கு உடனே பின்னால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் பதிவு தெளிவாக இருக்கட்டும். அதற்குப் பின் நனைத்த தூரிகையால் தட்டித்தட்டி மழுக்கிவிடுங்கள். முன்பக்கத்துத் தரையில் இந்த டாங்கியின் தடம் இருக்கவே கூடாது என்று சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பேன், ஆனால் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்தபோது அதையும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வீரர்களுக்கும் இதே விதிதான். 1/35 அளவில் ஓர் ஆள் சுமார் 50 மில்லிமீட்டர் உயரம். கணுக்கால்வரை 10 சென்டிமீட்டர் சேறு என்றால் பூட்ஸ் 3 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். பூட்ஸின் அடியில் துளையிட்டு ஒரு துண்டுக் கம்பியைச் செருகி, கலவை இளக்கமாக இருக்கும்போதே தரையில் குத்தி இறக்குங்கள். பின்னால் விட்டுவந்த சுவடுகளையும் அப்போதே இடுங்கள். சேற்றில் நடப்பவன் எட்டிப்போட முடியாது. அரை மீட்டர் எட்டு என்று வைத்துக்கொண்டால் சுவடுகளுக்கு இடையே 14 மில்லிமீட்டர். ஒவ்வொரு சுவடும் பூட்ஸை உருவியெடுத்த பள்ளமாக, முன்விளிம்பு கிழிந்து இருக்க வேண்டும். உங்கள் இரண்டாவது வீரர் நிமிர்ந்து, கைவீசி, அணிவகுப்பில் போவதுபோல நடக்கிறார். அந்த உருவம் வேறு ஒரு காய்ந்த சாலைக்கு உரியது; இந்தச் சேற்றில் அவரை நிறுத்த நான் துணியமாட்டேன்.

கலவை முழுதாகக் காய இரண்டு மூன்று நாள் ஆகும். காகிதக்கூழ் காயும்போது சிறிது சுருங்குவதால் ஓரங்களில் மயிரிழை இடைவெளி விடும். அதே கலவையை நீர்க்கச் செய்து நிரப்பிவிடலாம். மிச்சக் கலவையை மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.

வண்ணத்தில் உங்கள் தரை ஏன் பொய்யாகத் தெரிகிறது என்றால், அது முழுக்க ஒரே பழுப்பாக இருக்கிறது. அத்துடன் அது வேறு எங்கோ உள்ள மண்ணின் பழுப்பு. செர்னோசெம் நனைந்தால் ஏறக்குறையக் கறுப்பு. காய்ந்தால் சாம்பல் கலந்த பழுப்பு. ஆனால் டியூபிலிருந்து எடுத்த கறுப்பை அப்படியே அடிக்க வேண்டாம். சிறிய பொருளில் எந்த வண்ணமும் இயல்பைவிட அடர்ந்தே தெரியும் என்பதால், நிஜ மண்ணைவிட ஒன்றிரண்டு படி வெளுத்ததாக எடுங்கள். முதலில் நடுத்தரமான சாம்பல்பழுப்பை ஏர்பிரஷால் எங்கும் அடித்து, மேடுகளுக்கு அதைவிட வெளுத்த நிறமும் பள்ளங்களுக்கு அடர்ந்த நிறமும் கொடுங்கள். காய்ந்த பிறகு ஆயில் கலரையோ வாஷ் எனப்படும் நீர்த்த எனாமலையோ தின்னரில் கரைத்து, திட்டுத்திட்டாக, ஒரே இடத்தில் இரண்டு முறை வராதபடி விடுங்கள். கடைசியாகத் தூள் பிக்மெண்ட், அதுவும் மேடுகளின் தலையில் மட்டும். காற்றில் காயத் தொடங்கிய மண் அங்கேதான் இருக்கும்.

ஈரத்தைக் காட்டுவது தனி வேலை. மண் நனைந்தால் இரண்டு மாற்றம் நிகழ்கிறது: நிறம் இருளும், பிறகு மேற்பரப்பு மினுங்கும். மினுக்கம் இல்லாத இருட்டு ஈரப்பதமுள்ள மண். மினுங்கும் இருட்டுச் சேறு. நீங்கள் தரை முழுவதும் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ் அடித்திருப்பதால் சாலை, வரப்பு, புல் எல்லாமே எண்ணெய் ஊற்றியதுபோல ஆகிவிட்டன. தரை முழுவதும் மினுக்கமில்லாமல் இருக்க, தடங்களின் உள்சுவருக்கு அரைமினுக்கமுள்ள சாட்டின் வார்னிஷும், தடத்தின் அடிக்கும் புதிய சுவடுகளுக்கும் மட்டும் கிளாஸும் கொடுங்கள்.

ரெசின் ஊற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஊற்றலாம், மெல்லிய படலங்களாக மட்டும். எபாக்சி ரெசின் இறுகும்போது வெப்பத்தை வெளியிடும். கனம் கூடக்கூட அந்த வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போகும். தொழிலுக்கு வந்த புதிதில், அவசரமாக முடித்துத் தர வேண்டிய ஒரு காட்சிப் பெட்டிக்காக 12 மில்லிமீட்டர் ஆழக் குட்டையை ஒரே ஊற்றில் நிரப்பிவிட்டு உறங்கப் போனேன். விடிந்து பார்த்தபோது ரெசின் மஞ்சளித்து நடுவில் பிளந்திருந்தது. கீழே இருந்த நுரை உருகி, குட்டையோடு சேர்ந்து கரையும் உள்ளே இறங்கியிருந்தது. இதில் எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை நான்கு இரவு வேலை. இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஒரு முறையில் ஊற்ற வேண்டாம். உங்களுக்கு அதற்கு மேல் தேவையும் இராது, ஏனெனில் உருகுபனியின் நீர் தெளிவாக இருப்பதில்லை. ரெசினில் மண்நிற எனாமலை ஊசிமுனை அளவு கலந்து கலங்கலாக்கிவிட்டால், ஒரு மில்லிமீட்டர் நீரும் ஆழமாகத் தெரியும். ஊற்றும் முன் பள்ளத்தின் அடி முழுவதும் இரண்டு பூச்சு அக்ரிலிக் வார்னிஷ் அடித்து நுண்துளைகளை அடையுங்கள். பலகையை ரசமட்டம் வைத்துச் சமன்செய்யுங்கள். ஒன்றோடொன்று இணைந்த தடங்களில் நீர்மட்டம் ஒன்றாகத்தான் இருக்கும். ஒரே தடத்தின் இந்த முனையில் நீர் உயரமாகவும் அந்த முனையில் தாழ்வாகவும் இருந்தால் எந்த வண்ணமும் அதைக் காப்பாற்றாது. ரெசின் கரையோரத்தில் சிறிது மேலேறி ஒட்டிக்கொள்ளும். அந்த விளிம்பின்மேல் டப்பாவில் வைத்த கலவையை நீர்க்கச் செய்து தடவி மறைத்துவிடுங்கள்.

அதே டப்பாவிலிருந்துதான் டாங்கிக்கும் சேறு போக வேண்டும். தரைக்கு ஒரு சேறு, டாங்கிக்குக் கடையில் வாங்கிய வேறொரு சேறு என்று இரண்டு நிறம் வந்தால், வண்டி வேறு ஊரிலிருந்து இப்போதுதான் இறக்கப்பட்டதாகத் தெரியும். டாங்கியின் சேற்றுக்கும் வயது உண்டு: மேற்பகுதியில் நேற்றைய சேறு, காய்ந்து வெளுத்தது, பக்கங்களில் இன்று காலையினுடையது, சக்கரங்களிலும் பட்டைகளிலும் இந்த நிமிடத்தினுடையது, கறுத்து மினுங்குவது. டி-34இல் பட்டையின் மேல்பகுதி பெரிய சக்கரங்களின் மேலேயே படிந்து ஓடும், ஆகவே சக்கரங்களின் இடுக்குகளில் சேறு மொத்தையாக அடைந்திருக்கும். சக்கரத்தின் ஓடும் விளிம்பு மட்டும் தேய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும்.

தாவரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பச்சைப் புல் மே மாதத்துக்கு உரியது. மார்ச்சில், நான்கு மாதம் பனியின் கீழ் கிடந்த போன ஆண்டுப் புல்லே இருக்கும். வைக்கோல் நிறத்தில், எல்லாம் ஒரே திசையில் படுத்துக்கிடக்கும். ஸ்டேடிக் கிராஸ் கருவி புல்லை மின்னேற்றத்தால் செங்குத்தாக நிறுத்துவதுதான் அதன் சிறப்பு. இங்கே அதுவே குறையாகும். 4 மில்லிமீட்டர் இழை உங்கள் அளவில் 14 சென்டிமீட்டர் புல். அதை ஒட்டிவிட்டு, பசை காயும் முன் ஈரத்தூரிகையால் படுக்கவைத்துவிடுங்கள். இதைவிடச் சணல்கயிற்றைப் பிரித்து வெட்டிய இழை எனக்குப் பிடித்தது, அதில் இரண்டு இழை ஒன்றுபோல இருப்பதில்லை. சாலைப்பள்ளத்தின் நிழல்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் பழைய பனியை விட்டுவைக்கலாம். சோடா உப்பைப் பயன்படுத்தாதீர்கள். ஓரிரு ஆண்டில் மஞ்சளித்துக் கட்டிபிடிக்கும். நுண்கண்ணாடித் துகளை அக்ரிலிக் வார்னிஷில் குழைத்து வையுங்கள், முகக்கவசம் அணிந்துகொண்டு. அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பனியின் ஓரம் அழுக்கேறி, சாம்பல் நிறத்தில், மண்ணோடு கரைந்திருக்கட்டும்.

எல்லாம் காய்ந்த பிறகு டாங்கியைப் பசையால் ஒட்ட வேண்டாம். அதன் வயிற்றுக்குள் ஒரு நட்டை எபாக்சியால் பதித்து, பலகையின் அடியிலிருந்து போல்ட்டால் இறுக்குங்கள். போல்ட் கடைசி ஒரு சுற்று சுற்றும்போது டாங்கி தன் தடத்துக்குள் அமர்வதைக் கண்ணால் பார்க்கலாம்; பசை அதைச் செய்யாது. அமர்ந்ததும் பட்டையோரத்தில் எஞ்சும் மயிரிழை இடைவெளியை அந்த டப்பாச் சேற்றால் அடைத்து, கிளாஸ் தொட்டுவிடுங்கள்.

பழைய தரையைக் குப்பையில் போட்டிருந்தால் எடுத்து வந்துவிடுங்கள். அதன் ஒரு மூலையில் உங்கள் முதல் கலவையைப் பூசி, டாங்கிக்குப் பதிலாக உதிரி இணைப்புகள் ஐந்தாறைக் கோத்து அழுத்திப் பாருங்கள். அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று மூன்று இடத்தில் அழுத்தி, பக்கத்தில் நேரத்தை எழுதிவையுங்கள். காய்ந்த பிறகு எந்தப் பதிவு சேறாகத் தெரிகிறதோ, அந்த நேரத்தில் புதிய தரையில் டாங்கியை இறக்குங்கள்.